இருதயம் ஓடுது

பாண்டிச்சேரி பஸ் இன்னும் நின்றபாடில்லை, அதற்குள் இருதயசெல்வி ஜன்னலோடு ஜன்னலாக ஓடத் தொடங்கிவிட்டாள். இடுப்பில் கூடை, கையில் வேர்க்கடலைப் பொட்டலம், வாயில் "மல்லாட்டை, சூடா மல்லாட்டை!" தூங்குகிற ஆளைத் தட்டி எழுப்பி, "மொகத்தப் பாத்தாலே பசி தெரியுது சார்" என்று தலையில் கட்டிவிடுவாள். பஸ் நகர்ந்துவிட்டால் இன்னும் குஷி. கூடவே ஓடி, சில்லறை வாங்கி, டிரைவருக்கு ஒரு திட்டும் கொடுத்துவிட்டுத்தான் நிற்பாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவள் திட்டாத டிரைவர் கிடையாது.

எண்பத்தாறு கோடையில், அவள் நின்ற பிறகும் நெஞ்சு நிற்காமல் ஓடியது. விரல்கள் நடுங்கின. கேப்பைக் களியை உருட்டி உருட்டித் தின்றும் ரவிக்கை தொளதொளத்தது. புருஷன் தேவசகாயம், கொத்தனார், அவளை விழுப்புரத்தில் டாக்டர் கிருஷ்ணசாமியிடம் இழுத்துக்கொண்டு போனான். வீட்டில் அவன் அவளைக் கூப்பிடுவது "இருதயம்" என்றுதான். பாவம், டாக்டருக்கு அது எப்படித் தெரியும்?

"இருதயம் எப்பெல்லாம் வேகமா ஓடுது?"

"எப்பவுமேதான் சார்," என்றான் தேவசகாயம். "பாண்டிச்சேரி பஸ்ஸு வந்தா ஜாஸ்தி ஓடும். இன்னா சொன்னாலும் கேக்காது."

"ராத்திரியில?"

"ராத்திரி எங்க ஓடும்? கொறட்டை வுட்டுக்கினு தூங்கும்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். "இருதயம் குறட்டை விடுதா?"

"சார், அந்த இருதயம் நான்தான்!" என்று அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் பதறி உள்ளே வந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் விளக்கினார். கழுத்தில் சுரக்கிற தைராய்டு ரத்தத்தில் ஏறியிருந்தால், நெஞ்சை விரட்டுவது அதுதான். மாத்திரையில் அடங்கும், மறுபடி ஓடலாம். ஏறாமல் இருந்தால் கோளாறு இருதயத்திலேயே; அப்புறம் கூடையை இறக்கிவைக்க வேண்டியதுதான், உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது. ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குப் பயம். மறைக்கவும் இல்லை. "சாவறதுக்குப் பயமாக்கீது. ஒரே எடத்துல ஒக்காந்துக்கினு கெடக்கறதுக்கு அதவிடப் பயமாக்கீது." ஊரே ரத்தத்தில் சர்க்கரை ஏறக்கூடாது, உப்பு ஏறக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும். இவளோ கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, "மாதாவே, என் ரத்தத்துல அது ஏறியே இருக்கணும்" என்று மன்றாடினாள். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த எதிர்வீட்டு அமல்ராணி முறைத்தாள்.

"இன்னாடி வேண்டுதல் இது?"

"நீ சும்மா ஆமேன் சொல்லு."

மறுவாரம் டாக்டர் காகிதத்தைப் பிரித்தார். "ஏறியிருக்கும்மா. நல்லாவே ஏறியிருக்கு."

"அப்படிப் போடு!" என்று கை தட்டினாள்.

"மாத்திரை தர்றேன். நான் சொல்ற வரைக்கும் ஓடக்கூடாது."

"ஓடல சார். பஸ்ஸ நிக்கச் சொல்லிடறேன்."

தேவசகாயம் மட்டும் சுவரோடு சாய்ந்திருந்தான். "ஏறியிருக்கு" என்றதோடு அவன் காது அடைத்துவிட்டது. உதடு வெளுத்து, வேர்த்துக் கொட்டியது.

"யோவ், ஏறினா நல்லதுய்யா!" அவன் மணிக்கட்டைப் பிடித்தவள் சட்டென்று அடங்கிப்போனாள். நாடி அப்படித் துடித்தது. "சார், இதுக்கு என்னவிட ஜாஸ்தி ஓடுது."

எழுந்து தன் நாற்காலியில் அவனை உட்காரவைத்தாள். சிமெண்டு படிந்த சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து, அந்தக் கையை டாக்டர் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.