இழுவைப் படகுக்கு எந்தப் பசை

பிள்ளைகளா, மாமா வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு அனுப்பிய பொம்மை இழுவைப் படகை, துறைமுகத்துக்குள் பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்து வருமே அந்த ஜாதிப் படகை, உங்களுக்கு முந்தி நான் எடுத்து ஒட்டிவிட்டேன் என்று ரெண்டு பேருக்கும் என்மேல் கோபம் உண்டு. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த பகல்களில் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதை எழுதி வைக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றவன் நான், பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். புன்னைக்காயலில் பைபரில் செய்த மீன்பிடி வள்ளம் பழுது பார்ப்பேன். வெடிப்பு விட்ட இடத்தைக் கிரைண்டரால் சீவி, கண்ணாடி நார் விரிப்பை வைத்து, மேலே ரெசின் பூசி அடைக்கிற வேலை. ஒருநாள் கிரைண்டர் தட்டு உடைந்து என் வலது கையில் பாய்ந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மடக்குகிற நரம்பு அறுந்துபோனது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். கட்டுப் பிரித்துப் பார்த்தால் ரெண்டு விரலும் ஒன்றுக்கொன்று பகை போல விலகி நின்றன. நுனியில் உணர்ச்சியும் இல்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "ரெண்டு நுனியும் சேரணும். சேந்து ஒரு சாமானப் பிடிக்கணும். அடுத்த தடவை வரும்போது சேரலேன்னா திரும்பத் திறக்க வேண்டியிருக்கும். திறந்தா முழுசாச் சரியாவும்னு நான் இப்பச் சொல்ல முடியாது."

பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு வள்ளத்தில் என்ன வேலை செய்வது? உங்களிடம் "அப்பாவுக்குச் சரியாப் போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

கைப்பயிற்சி கொடுக்கிற பெண் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். பொடிப் பொடிச் சாமானாக எடுத்து எடுத்து வைக்கச் சொன்னார். "ஆனா ஒண்ணு அண்ணாச்சி, வெடுக்குன்னு மட்டும் இழுத்துராதீங்க. தச்ச இடம் விட்டுப்போகும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா அரிசியையும் உளுந்தையும் ஒரு தாம்பாளத்தில் கலந்து என் முன்னால் வைத்தாள்.

"பிரிச்சு முடிச்சா சொல்லுங்க. நாளைக்கு இட்லிக்குப் போடணும்."

"ஏளா, இது எனக்குப் பயிற்சியா, உனக்கு வேலையா?"

"ரெண்டும்தான். சும்மா இருக்க ஆளுக்கு இங்கன சோறு கிடையாது."

ரெண்டு நாள் பிரித்தேன். மூன்றாம் நாள் உளுந்தைப் பார்த்தாலே வெறுப்பாக இருந்தது. அப்போதுதான் பீரோ மேலே இருந்த மாமாவின் பெட்டி கண்ணில் பட்டது. திறந்து பார்த்தால், ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய் காய்த்த மாதிரி குட்டிக் குட்டிப் பாகங்கள். புகைபோக்கி, கொக்கி, ஏணி, டயர். ஒவ்வொன்றையும் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். விரலுக்கு இதைவிடப் பொடி வேலை எங்கே கிடைக்கும்? பசை மட்டும் பெட்டியில் இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒட்டுவதுதானே என் பிழைப்பே.

முதலில் பெட்டிக்கடையில் விற்கிற, ஒரு சொட்டு விட்டால் உடனே பிடிக்கிற பசையை வாங்கினேன். அது நல்ல கை உள்ளவனுக்கான பசை. ஏணியை எடுத்து, பசை தொட்டு, இடத்துக்குக் கொண்டுபோவதற்குள் என் கை நடுங்கி நாலு இடத்தில் இடித்துவிடும். இடித்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஏணி படகின் பக்கத்தில் ஒட்ட வேண்டியது, குறுக்கே படுத்துவிட்டது. அடுத்ததாகக் கொக்கியை எடுத்தேன். பசை வழிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கொக்கியை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தே இருக்கின்றன.

ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், பிள்ளைகளா. சேர்ந்துவிட்டது என்று. பிறகுதான் பசை என்று புரிந்தது.

பிரிக்க இழுக்கப்போனவன் அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்து அப்படியே நின்றேன். இழுத்தால் தையல் போகும். இழுக்காமலும் எப்படி இருப்பது? அம்மாவைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து பார்த்து முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்து என் கையை அதில் முக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆட்டாதீங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"விட்டுருமா?"

"விடும். தண்ணி ஆறினா வேற தண்ணி ஊத்துதேன். பேசாம இருங்க."

தண்ணீர் ஆற ஆற மாற்றினாள். தேங்காய் எண்ணெயை விரல் இடுக்கில் விட்டு நகத்தால் மெதுவாக நெம்பினாள். தோல் கொஞ்சம் உரிந்ததோடு விட்டது. விரலை மடக்கிப் பார்த்தேன், முன்பு எவ்வளவு மடங்கியதோ அவ்வளவு மடங்கியது. அவள் பசைக் குப்பியைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

எனக்கு நேரம் கொடுக்கிற பசை வேண்டும் என்று தெரிந்துவிட்டது. நேரம் கொடுப்பது எங்கள் ரெசின்தான். கெட்டிப்படுத்துகிற மருந்தைக் கலந்தபின் ஆற அமரப் பூசலாம். வீட்டில் மிச்சம் கிடந்ததைக் கலந்தேன். வள்ளத்துக்குச் செய்வதுபோலவே ஓரத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, புகைபோக்கியின் ரெண்டு பாதியிலும் பூசிச் சேர்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் புகைபோக்கி மெழுகு மாதிரி துவண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"என்ன, கப்பலுக்கு மயக்கம் வந்துட்டா?" என்றாள் அம்மா.

வெட்கத்தை விட்டு மாமாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அவர் குளிர்சாதனக் கிடங்கில் வேலை முடித்து அப்போதுதான் அறைக்கு வந்திருந்தார்.

"அத்தான், ரெசினயா ஊத்தினீய? அந்தப் பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் ஒரே வயித்துப் பிள்ளைல்லா. பெட்டி ஓரத்துல பிளாஸ்டிக் பேரு போட்டிருக்குமே."

எனக்குச் சுருக்கென்றது. தெர்மோகோலில் ரெசின் பட்டால் அரித்துப் பள்ளம் விழும் என்பது வள்ளப் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். மிதப்புக்காகத் தெர்மோகோல் வைத்தால் அதன்மேல் நேரடியாக ரெசின் படவே விட மாட்டோம். இது கெட்டியாக, பளபளப்பாக இருக்கவும் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

"இதுக்குன்னு தனிப் பசை உண்டு அத்தான். சிமெண்டும்பாங்க. தீப்பிடிக்குத சாமான்னு விமானத்துல ஏத்த விடமாட்டானுவ. அதான் பசை இல்லாம அனுப்புனேன்."

"சிமெண்டா? அப்ப கொத்தனாரக் கூப்பிடணுமா?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

"கூப்பிடுக்கா, அத்தானுக்குப் பூசி விடச் சொல்லு" என்றார் மாமா.

அந்தப் பசையும் பிளாஸ்டிக்கைக் கரைக்கத்தான் செய்யும் என்று அவர் விளக்கினார். ஆனால் ஓரத்தை மட்டும், கொஞ்சமாக. ரெண்டு ஓரமும் இளகி ஒன்றுக்குள் ஒன்று போய், காற்றில் ஆறும்போது ஒரே துண்டாகிவிடும். நடுவில் பசை என்று ஒன்று மிஞ்சாது. ரெசினும் அரித்தது, இதுவும் அரிக்கும். எவ்வளவு என்பதில்தான் காரியம்.

மறுநாள் நானும் அம்மாவும் பஸ் ஏறி, கல்லூரிப் பிள்ளைகள் படிப்புக்காக அட்டையில் குட்டி வீடு செய்யச் சாமான் வாங்குகிற கடைக்குப் போனோம். கடை அண்ணாச்சி ரெண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று டியூபில் கெட்டியாக இருப்பது. இன்னொன்று தண்ணி மாதிரி, மூடியோடு சின்னப் பிரஷ் வைத்த கண்ணாடிக் குப்பி.

"கெட்டி எப்படி, தண்ணி எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கெட்டியப் பூசிட்டுச் சேக்கணும். தண்ணிய, சேத்துட்டுத் தொடணும். ரெண்டையும் முதல்ல பொருத்திப் பிடிச்சுக்கிட்டு இடுக்குல பிரஷ வச்சா அதுவே உள்ள ஓடிரும்."

"தண்ணியக் குடுங்க" என்று நான் வாய் திறக்குமுன் அம்மா சொல்லிவிட்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. பசை தொடுவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நான் நடுங்கலாம், நகர்த்தலாம், எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம்.

"சன்னலத் திறந்து வச்சுக்கிடுங்க, வாடை தலையச் சுத்தும்" என்றார் அண்ணாச்சி.

இந்தத் தடவை படகைத் தொடவில்லை. வெட்டி மிஞ்சிய சட்டத் துண்டுகள் ரெண்டை ஒட்டிப் பார்த்தேன். மறுநாள் இடது கையால் முறுக்கினேன். ஒட்டின இடம் உடையவில்லை, வேறு இடத்தில்தான் உடைந்தது.

அதற்குப் பிறகு தினமும் நீங்கள் பஸ் ஏறியதும் சன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். பாகத்தைப் பொருத்தித் துணிக் கிளிப்பை மாட்டி நிறுத்துவேன். முதலில் பிரஷை இடது கையில்தான் பிடித்தேன். ஒரு வாரம் போனதும் வலது கைக்கு மாற்றினேன். அந்த மூடியின் பருமன் ரெண்டு விரல் நுனிக்கும் நடுவில் அளவெடுத்த மாதிரி இருந்தது. பலமுறை நழுவிக் கீழே விழுந்தது. பிறகு நழுவுவது குறைந்தது. மாலுமி அறையின் கண்ணாடிச் சன்னல்களுக்கு மட்டும் உங்கள் கைவேலை டப்பாவிலிருந்து வெள்ளைப் பசை எடுத்தேன். கண்ணாடிப் பாகத்தில் சிமெண்ட் வழிந்தால் கறை விழுந்துவிடும், வெள்ளைப் பசை காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பசை பாதி குறைந்திருக்கிறது என்றுதான் நீங்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. டாக்டர் மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்து, விரல் நுனியால் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். காகிதம் கிழிந்தது. என் விரலுக்குள் இருந்த துண்டு விரலுக்குள்ளேயே இருந்தது.

அவர் அந்தத் துண்டைப் பார்த்தார். "திறக்க வேண்டாம்" என்றார். "என்ன பண்ணினீங்க?"

"பொம்மைக் கப்பல் ஒட்டினாவ சார்" என்றாள் அம்மா. பிறகு பயிற்சிப் பெண்ணிடம் போய் என் கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள், ஏதோ தான் செய்து வைத்த பலகாரம் மாதிரி.

வெளியே வந்து எதிரில் இருந்த கடையில் புரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். கை கட்டுப்போட்ட நாளிலிருந்து நான் கரண்டியால்தான் சாப்பிட்டு வந்தேன். அம்மா வழக்கம்போல என் புரோட்டாவைப் பிய்த்துப் போட இலையைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நீங்களே பிய்ங்க. எனக்குப் பசிக்கி."

பிய்த்தேன். சால்னா சூடாக இருந்தது. இத்தனை நாள் மரத்துக் கிடந்த ஆள்காட்டி விரல் நுனியில் அந்தச் சூடு லேசாகத் தெரிந்தது.