முடக்கில் நின்ற கல்

கொடகவெலயிலிருந்து எம்பிலிப்பிட்டிய போகிற பெரிய ரோட்டில், எங்கள் தேயிலைத் தோட்டத்து அடிவாரத்தில் ரோடு வளைந்து திரும்புகிற ஒரு முடக்கு இருக்கிறது. அந்த முடக்கில் ஓர் அரசமரம், மரத்தடியில் முனியாண்டி. முடக்கு முனி என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கோயில் என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. மேலே இரண்டு தகரம், ஒரு சூலம், எண்ணெய் குடித்துக் கறுத்த ஒரு கல், கல்லில் பதித்த இரண்டு வெள்ளிக் கண். அந்தக் கண் எந்நேரமும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நெல் ஏற்றி வருகிற லொறிக்காரன், வாழைக்குலை ஏற்றி வருகிற லொறிக்காரன், பெல்மதுளை பஸ்காரன், சிங்கள ஆளோ தமிழாளோ, அந்த இடத்தில் பிரேக்கை மிதித்து, ஒரு சில்லறையை வீசி, நெற்றியைத் தொட்டுவிட்டுத்தான் போவான். முஸ்லிம் முதலாளிமாரின் வேன்கூட அங்கே மெதுவாகத்தான் போகும். முன்னால் போகிறவன் நிறுத்தினால் பின்னால் வருகிறவன் பறந்தா போக முடியும்? சில்லறை போடாதவனுக்கு அடுத்த பாலத்துக்குள் டயர் வெடிக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. இதுவரை யாருக்கு வெடித்தது என்று நான் கேட்டேன். "ஒனக்கு வாயி ரொம்பத்தான்" என்றாள் அம்மா. இன்றைக்கும் அது குறையவில்லை.

முனிக்கு அப்பாதான் பூசாரி. பகலில் தேயிலைக்கு மருந்தடிப்பார், பொழுது சாய்ந்ததும் குளித்துவிட்டு முனிக்கு விளக்கு வைப்பார். நாங்கள் குடியிருந்த லயம் ரோட்டுக்கு மேலே. கொழுந்து நிறுக்கிற மடுவமும் பள்ளிக்கூடமும் ரோட்டுக்குக் கீழே. ஆகவே நாளெல்லாம் யாராவது அந்த முடக்கில் ரோட்டைக் கடந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ரோட்டைக் கடக்கும்போது ரோட்டைப் பார்க்கிற வழக்கம் கிடையாது. முனியைப் பார்ப்பார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டே நடப்பார்கள். வண்டிகள் அதுபாட்டுக்கு நின்று வழிவிடும். அது முனியின் சக்தி என்பதில் எங்கள் தோட்டத்தில் இரண்டு பேச்சு இல்லை.

எல்லோரையும்விட அதை நம்பியவர் அத்தை. அப்பாவின் அக்கா. தாய் இல்லாத வயதில் அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். மாமா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார், பிள்ளையும் இல்லை. லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் தனியாக இருந்தார். வாயாடி. அப்பா நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு புறப்பட்டால், "சாமிக்கே பயமா இருக்கும் தம்பி, கொஞ்சம் தொடச்சிக்கிட்டுப் போ" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில், தண்ணீர் பாய்கிற பீலிக்கரையில் துணி துவைக்க அவருக்கென்று ஒரு கல் உண்டு. அந்தக் கல்லில் அவர் துணி அடிக்கிற சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். என் பள்ளிக்கூடச் சட்டையை அம்மாவிடம் கொடுக்கமாட்டார். அம்மா துவைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது என்பார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ரோட்டை அகலமாக்கி தார்க் கார்பட் போட வந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. மரத்தை விட்டுவிடுகிறோம், சாமியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தோட்டத்தில் யாருக்கும் வருத்தமில்லை, சந்தோஷம்தான். லயத்துக்கு மேலே மொட்டைப் பாறையில் சீமெந்துக் கோயில் கட்டிக்கொள்ள தோட்டத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். அப்பா மட்டும் கொஞ்சம் இழுத்தார். அத்தைதான் அவரைச் சம்மதிக்க வைத்தார். "இத்தன காலமா லொறிப் பொகையத் தின்னுக்கிட்டு ரோட்டுல ஒக்காந்திருக்கு. இனியாவது நல்ல காத்து வாங்கட்டும் தம்பி" என்றார்.

தப்பு அடித்து, முனியைக் கும்பத்தில் இறக்கி, ஊரே கூடி மலைக்குக் கொண்டுபோனோம். முன்னால் தீச்சட்டி எடுத்துப் போனவர் அத்தை. கல்லையும் கண்ணையும் அப்பா முறைப்படி கிழக்குப் பார்த்து வைத்தார். முனி இப்போது தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே முடக்கில், மரத்தடியில் முனி இருந்த இடத்தில் வெறும் மண். அதற்குப் பக்கத்தில் நாற்பது என்று எழுதிய வட்டமான வேகப் பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். பையன்கள் அதைக் கல்லெறிந்து பழகப் பயன்படுத்தினார்கள். வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதாக எனக்கு ஞாபகமில்லை.

ரோடு கண்ணாடி மாதிரி ஆனது. முன்பு உருண்டு வந்த வண்டிகள் இப்போது பாய்ந்து வந்தன. தனியார் பஸ்கள் ஆள் பிடிக்க ஒன்றையொன்று துரத்தும். எங்கள் ஆட்களோ பழையபடி கடந்தார்கள். ஒரே வித்தியாசம், இப்போது ரோட்டின் நடுவே ஒரு நிமிடம் மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு மடுவத்தடியில் அம்மாவுக்காகக் காத்திருந்தேன். பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். அத்தை சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மேலிருந்து இறங்கினார். என்னைக் கண்டு சிரித்தார். பாதி ரோட்டில் மலைப் பக்கம் திரும்பி ஒரு கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். முடக்குக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

புது ரோடு கறுப்பு. அதில் கொழுந்து பச்சையாகச் சிதறிக் கிடந்தது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். அத்தை அரசமரத்துக்குப் பக்கத்தில் ரோட்டோர மண்ணில் விழுந்து கிடந்தார். பஸ்காரன் ஓடிப்போகவில்லை. சின்ன வயதுக்காரன். நான் அவரைக் காணவில்லை, காணவில்லை என்று சிங்களத்தில் சொல்லியபடி பஸ் படியிலேயே உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அத்தை போய்விட்டார். அப்பா அழவில்லை. எல்லாக் காரியத்தையும் ஒவ்வொன்றாகச் செய்தார். அக்கா செத்ததற்கு அழாத மனிதர் என்று எனக்கு அவர்மேல் கோபம்.

கருமாதி முடிந்ததும் பேச்சு கிளம்பியது. பூசாரி சாமியை அவசரத்தில் கும்பத்தில் இறக்கிவிட்டான், நேரம் பார்க்கவில்லை, அதுதான் முனி அவன் வீட்டிலேயே கை வைத்தது என்றார்கள். அப்பா காதுபடவே சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து மலைக் கோயிலில் கிடா வெட்டினார்கள். வெட்டிய மறுவாரம் அதே முடக்கில் அம்மாவை ஒரு லொறி உரசிக்கொண்டு போனது. அம்மா மயிரிழையில் தப்பினாள். முதுகிலிருந்து கழன்று விழுந்த கூடை சக்கரத்தில் அகப்பட்டது.

நசுங்கிய கூடையை எங்கள் காம்பராவுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவர். சிங்களவர். எங்களோடு பழகிப் பழகி எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள், அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்.

"பூசாரி, நான் சொன்னா கோவிக்காதீங்க. முந்தி அந்த எடத்துல சாமிக்குப் பயந்து நாங்க எல்லாம் பிரேக் அடிச்சோம். இப்ப சாமி மலைக்குப் போயிருச்சு. எனக்கே கால் பிரேக்குக்குப் போவுதில்ல."

"போர்டு வச்சிருக்காங்களே மாத்தையா" என்றார் அப்பா.

"போர்டுக்குக் கண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

அப்பா அந்தக் கூடையை எடுத்துச் சுவரில் மாட்டினார். அடுத்த நாள் தோட்டத்துத் தலைவரோடு ரோட்டுக் கந்தோர் அதிகாரிகளிடம் போய், ஆட்கள் கடக்கிற இடத்தில் மஞ்சள் கோடாவது போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். வரும் என்றார்கள். வந்தது, நான் பெரிய பிள்ளையாகிப் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பகல், சப்ரகமுவைக்கே உரிய கொட்டு மழை. ஆள் நடமாட்டமில்லை. அப்பா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பீலிக்கரைப் பக்கம் போவதைக் கண்டு பின்னாலேயே போனேன். அவர் அத்தையின் துவைக்கிற கல்லைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். அத்தை போன பிறகு அந்தக் கல்லில் யாரும் துணி வைக்கவில்லை. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, வழுக்குகிற படிகளில் இறங்கி, முடக்கில் மரத்தடிக்குக் கொண்டுபோய் நிமிர்த்தி நட்டார். மஞ்சள் துணி கட்டினார். குங்குமம் வைத்தார். மடியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, மழை படாமல் சாக்கைப் பிடித்துக்கொண்டு, கல்லில் இரண்டு கண் வரைந்தார். ரோட்டைப் பார்க்கிற கண்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சவர்க்காரமும் அழுக்குத் தண்ணீரும் ஓடிய கல் அது. என் சட்டையை எத்தனை தடவை அதில் அடித்திருப்பார் அத்தை.

"சாமியாப்பா இது?" என்றேன்.

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அப்ப பொய்யாப்பா?"

"ரோட்டப் பாத்துக்கிட்டு நில்லு புள்ள. வண்டி வந்தா சொல்லு."

முதலில் வந்தது ஒரு பஸ். முடக்கில் திரும்பியதும் அதன் சத்தம் குறைந்தது. பிரேக் பிடித்து, ஏறக்குறைய நின்று, ஜன்னல் வழியே கொண்டக்டரின் கை வெளியே வந்தது. சில்லறை சேற்றில் விழுந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. அரசமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழையில் அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது.

ஒரு கிழமைக்குள் முனி கோபம் தணிந்து தானாகவே இறங்கி வந்துவிட்டது என்று தோட்டமெல்லாம் பேச்சாகிவிட்டது. அப்பாவைத் தூற்றிய அதே வாய்கள் பூசாரி ஐயா என்றன. கொழுந்து லொறி டிரைவர் ஒருநாள் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்து, சுண்ணாம்புக் கண்ணை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். ஒரு தேங்காயை உடைத்துவிட்டுப் போனார். அம்மாவுக்குக் கல்லை அடையாளம் தெரிந்துவிட்டது. "மதினி தொவச்ச கல்லு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டுபோய், "வெளிய மூச்சு விட்ட, வாயில சூடு போட்டுருவேன்" என்றாள். பேசாமலிருப்பது என்னைப் போன்ற ஒருத்திக்குப் பெரிய தண்டனை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அம்மா தினமும் அந்த ரோட்டைக் கடக்க வேண்டியிருந்ததால்.

அப்பா மலைக் கோயிலுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அங்கே விளக்கு வைத்து, மணியடித்து, நின்றபடி கையெடுத்துக் கும்பிடுவார். பிறகு தனியாகக் கீழே இறங்கி, முடக்குக் கல்லுக்கு விளக்கு வைப்பார். வைத்துவிட்டு ரோட்டோர மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். நெற்றி மண்ணில் பட அப்படியே கிடப்பார். பக்கத்தில் லொறிகள் மெதுவாக ஊர்ந்து போகும். உண்மையான சாமிக்குக் கையெடுப்பு, பொய்ச் சாமிக்கு நெடுஞ்சாண்கிடை. எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா முனியை ஏமாற்றுகிறார், அதற்கும் ஒரு தண்டனை வரும் என்று பயந்தேன்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "ரோட்டுல வண்டியுமில்ல, ஆளுமில்ல. இப்பவும் ஏம்ப்பா நடிக்கிறீங்க?"

அப்பா எழுந்து நெற்றி மண்ணைத் தட்டிவிட்டார். "நடிக்கலம்மா" என்றார். "இருட்டுது, வா." எனக்குக் கோபம். வழியெல்லாம் அவர் கையைப் பிடிக்காமலே நடந்தேன்.

இப்போது அப்பாவும் இல்லை. அந்தக் கல்லுக்கு யாரோ ஒரு சிங்கள லொறி முதலாளி ஓடு போட்டுக் கொடுத்திருக்கிறார். போன மாதம் அந்த வழியாக பஸ்ஸில் போனேன். வேகப் பலகை துருப்பிடித்து நிற்கிறது, மஞ்சள் கோடு தேய்ந்துவிட்டது. முடக்கு வந்ததும் டிரைவர் பிரேக்கை மிதித்தார். கூடை சுமந்த பெண்கள், ரோட்டைப் பார்க்காமல், கல்லைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டே கடந்தார்கள். அத்தை விழுந்து கிடந்த இடம் அந்தக் கல்லுக்கு நேர் முன்னால், ஒரு முழ தூரத்தில் இருக்கும். அப்பா விழுந்து கும்பிட்டால் நெற்றி படுகிற இடம்.

அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா ஒரு துவைக்கிற கல்லைக் கும்பிடுகிறார் என்பதுதான். அவர் தன் அக்காவைக் கும்பிடுகிறார் என்று தெரியவில்லை.