எனக்கு மட்டும் வந்த கடினமான கேள்விகள்

கும்மிடிப்பூண்டியில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் நான் கான்ட்ராக்ட்டில் சேர்ந்த புதிது. தினமும் அரை மணி நேரம் டேப்லெட்டில் ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். திரையில் ஓர் இரும்புத் துண்டு வரும். அளவுகோலை நகர்த்தி அதன் தடிமனைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் நட்சத்திரம் விழும். "பழகறதுக்குத்தாம்மா. மார்க்கெல்லாம் கெடையாது" என்றார் சூப்பர்வைசர்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வருபவள். இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். ஒரு வாரம் போனபின் கவனித்தேன். அவளுக்கு முழு மில்லிமீட்டரில் கேள்வி வந்தது. எனக்கோ புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். அதிலும் அவள் அவ்வப்போது தப்பு விட்டாள். நானும் மூன்றுக்கு ஒன்று தப்பு விட்டேன். என்னைக் கழித்துக்கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன். அவளுக்கு சிபாரிசு இருக்குமோ என்றும் தோன்றியது. கேட்டும் விட்டேன்.

"உனுக்கு உள்ள யாராச்சும் தெரிஞ்சவங்க கீறாங்களா?"

"எனுக்கு யாரு கீறாங்க? இது இன்னாத்துக்கு என்னிய மட்டும் கொழந்த மாரி நடத்துதுன்னு நானே யோசிச்சிக்கினு கீறேன்" என்றாள்.

மறுநாள் டேப்லெட்டை மாற்றிக்கொண்டோம். அவள் பெயரில் நான் ஆடினேன். பத்து நிமிடத்தில் கேள்விகள் கடினமாகிவிட்டன. என் பெயரில் ஆடிய அவள் நாலைந்து தப்பு விட்டதும் அவளுக்கு வந்தவை எளிதாகிவிட்டன. ஆளைப் பார்த்து இல்லை, விடையைப் பார்த்துத்தான் அது மாறுகிறது. அவளைச் சந்தேகப்பட்டதற்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் நம்பிக்கை வராமல் அந்த வாரம் முழுக்க மாற்றியே ஆடினோம்.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அவளுக்கு அளவு பரிசோதனைப் பிரிவு. எனக்கு பேக்கிங்.

"மார்க்கே இல்லன்னீங்களே சார்" என்றேன் சூப்பர்வைசரிடம்.

"மார்க்கு இல்லம்மா. யாரு எந்த லெவல்ல கீறாங்கன்னு மட்டும் பாத்தோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "சார், அது நான் ஆடினது இல்ல. இவ ஆடினது."

அவர் எங்களைத் திட்டவில்லை. தன் எதிரிலேயே உட்காரவைத்து மறுபடி ஆடவிட்டார். நான் பரிசோதனைக்குப் போனேன், அவள் பேக்கிங்குக்குப் போனாள். ஒன்றரை மாதம் கழித்து அவளும் எங்கள் பிரிவுக்கு வந்துவிட்டாள். நடுவில் அந்த ஒன்றரை மாதமும் கேன்டீனில் அவள் வேறு மேசையில்தான் சாப்பிட்டாள். சிபாரிசு இருக்கிறதா என்று நான் கேட்டது மனதில் தங்கிவிட்டதோ என்னவோ, நான் கேட்கவில்லை.