அண்ணன் அமுக்கிய பட்டன்

அண்ணன் கூடலூரில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அந்த ஜீப்புக்கு ஹார்னே வேண்டாம், இவர் சத்தம் போதும் என்று பெண்கள் கேலி பேசுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு அடியோடு போயிற்று. எழுத்தும் போய்விட்டது, தன் பெயரைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. நாம் சொல்வது மட்டும் புரியும்.

பிள்ளைகள் கிடையாது. அண்ணி ஏலக்காய் எடுக்கப் போக ஆரம்பித்தார், அண்ணன் ஓட்டிய அதே ஜீப்பில், வேறு ஒருவர் ஓட்ட. மலைமேல் செல்போனில் சிக்னல் இருக்காது. நான் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவள். ஆக, பகல் முழுக்க அண்ணன் வீட்டில் தனியாகக் கிடந்தார். பக்கத்து வீட்டு அக்காதான் மதியம் வந்து சோறு போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்.

அவருக்காகத்தான் செல்போனில் ஓடும் ஒரு ஆப்பை எழுதினேன். திரையில் நான்கு படங்கள் மட்டும்: தண்ணீர்ச் செம்பு, கக்கூஸ், மாத்திரை, என் முகம். எதை அமுக்கினாலும் என் போனுக்கு ஒரு குரல்செய்தி வரும். நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லுவேன். என் முகத்தை அமுக்கினால், நானே வரவேண்டும் என்று அர்த்தம். இணையத்தில் ஒரு நிறுவனம் தன் கம்ப்யூட்டரில் ஆப்பை ஓட்ட இலவசமாக இடம் கொடுத்தது, அதில் ஏற்றி வைத்தேன். ஒரு பைசா செலவில்லாமல் செய்துவிட்டேன் என்று லேபில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள், ஆப் போட்ட ஒரு போனை அண்ணனின் இடது கைப்பக்கம் வைத்தேன். அவர் என் முகத்தை அமுக்கினார். என் கையிலிருந்த போன் கத்தியது. அண்ணன் சிரித்தார்.

"இந்தா, சிரிக்கிறாக பாரு!" என்று அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. அடுத்து வந்த புதன்கிழமை, பக்கத்து வீட்டு அக்கா கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். "நான் பாத்துக்கிறேன்க்கா, பட்டன அமுக்குனா அடுத்த பஸ்ஸுல வந்துருவேன்" என்றேன். அன்று போன் என் மேசையிலேயே இருந்தது. ஒரு செய்தியும் வரவில்லை. அண்ணன் நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்தபோது அண்ணன் தரையில் கிடந்தார். கட்டிலிலிருந்து தானாக எழப் பார்த்து விழுந்திருக்கிறார். இடது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. வேட்டி நனைந்து காய்ந்திருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாவுக்கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். அண்ணிக்குப் பயமும் கோபமும் அடங்கவில்லை.

"பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி அம்புட்டுத் தடவ சொல்லிக் குடுத்தோமே, ஒரு பட்டன அமுக்க மாட்டீகளா?"

அண்ணன் தலையைப் பலமாக ஆட்டினார். 'ஆ, ஆ' என்று சத்தம் மட்டும் வந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வரல அண்ணி. அமுக்கியிருக்க மாட்டாக, மறந்திருப்பாக" என்றேன்.

அண்ணன் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை லேபில் உட்கார்ந்து அந்த நிறுவனத்தின் தளத்தைத் திறந்து, என் ஆப்பின் பதிவேட்டைப் பார்த்தேன். ப்ராசஸ் வரம்பு தாண்டியது, ஆப் நிறுத்தப்பட்டது என்று சிவப்பில் வரிசையாக இருந்தது. காரணம் புரியச் சற்று நேரம் பிடித்தது. இலவசத் திட்டத்தில் அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் ஆப் தூங்கிவிடும். எழுந்துவர ஒரு நிமிடம் ஆகும். மூன்று வாரமாக ஒருமுறை அமுக்கிவிட்டுக் காத்திருந்த அண்ணன் அன்று அந்த ஒரு நிமிடத்தில் திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் குரலைத் தயார்செய்யத் ஒரு ப்ராசஸ், அதாவது கம்ப்யூட்டரில் தனியாக ஓடும் ஒரு வேலை, கிளம்பும்படி நான் எழுதியிருந்தேன். ஒரே நேரத்தில் இத்தனைதான் ஓடலாம் என்று அவர்கள் வைத்திருந்த வரம்பு சின்னது. எழுந்ததும் எல்லாம் சேர்ந்து கிளம்ப, ஆப் மொத்தமாக விழுந்திருக்கிறது. மறுபடி எழுந்து, மறுபடி விழுந்திருக்கிறது. அந்த வரம்பைப் பற்றி நான் படித்திருந்தேன். வீட்டில் ஒரே ஒருவர் அமுக்குவதற்கு அது போதும் என்று விட்டுவிட்டேன். சோதித்தபோதெல்லாம் ஒருமுறை அமுக்கிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தேன். தாகத்தில் இருக்கிறவர் அப்படிக் காத்திருக்கமாட்டார் என்று நான் யோசிக்கவில்லை.

சிவப்பு வரிகளுக்கு நடுவில் அவர் அமுக்கியது எல்லாம் பதிவாகியிருந்தது. தண்ணீர், ஒன்பது முறை. கக்கூஸ், நான்கு முறை. அதற்குப் பிறகு என் முகம். பதினேழு முறை.

லீவு சொல்லிவிட்டுக் கூடலூர் பஸ்ஸில் ஏறினேன். அண்ணன் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க அமுக்குனீக. முப்பது தடவ அமுக்கியிருக்கீக. நான் எழுதுனதுதான் தப்பு. நேத்து உங்களப் பத்தி நான் சொன்னது பொய்."

அண்ணன் திரும்பினார். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவருக்கு ஒரு கையும் இல்லை. நான்தான் துடைத்தேன்.

அண்ணி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஒரு மணிய வாங்கிக் கட்டில்ல கட்டியிருந்தா தெருவுக்கே கேட்டிருக்குமே ஆத்தா" என்றார். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இரண்டு நாளில் சரிசெய்துவிட்டேன். எத்தனை முறை அமுக்கினாலும் வரிசையில் நின்று ஒரே ப்ராசஸில் ஒவ்வொன்றாகப் போகும்படி மாற்றினேன். பகலில் ஆப் தூங்காமலிருக்கப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தட்டிவிட ஏற்பாடு செய்தேன். இடைவிடாமல் நூறு தடவை அமுக்கிப் பார்த்தேன், ஒரு செய்தியும் தவறவில்லை.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று போனை அண்ணன் பக்கத்தில் வைத்தேன். அவர் அதை இடது கையால் மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டார். அடுத்த வாரமும் வைத்தேன். அப்போதும் தள்ளினார். பிறகு நான் வைக்கவில்லை.

அண்ணி மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்தார். ஐப்பசி மழையில் இரண்டாவது முறை வாதம் வந்து, மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவுகள நான் அப்பிடி வைஞ்சிருக்கக் கூடாது. எதுத்து ஒரு வார்த்தை பேச முடியாத மனுசன" என்று சொல்லி அழுதார். எங்கள் இருவரில் அண்ணனைப் பற்றிப் பொய் சொன்னது யார் என்று அண்ணிக்குத் தெரியும். அதைச் சொல்லிக்காட்டாமல் எழுந்துபோய் எனக்குச் சோறு போட்டார்.