மேனேஜர் கம்ப்யூட்டரும் காந்திமதியின் ஊக்கும்

காந்திமதி நாவலூர் அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறாள். ஞாயிறுதோறும் குரோம்பேட்டை சமுதாயக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கப் படிக்கிறாள். நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் எதற்கென்று கேட்டவர்களோடு அவள் பேசுவதே இல்லை.

ஆயுதபூஜை விடுமுறை முடிந்த காலையில் மேனேஜரின் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. இன்ஜினியர் பிரணவ் வயர்களையெல்லாம் கழற்றி மாட்டிச் சலித்துப்போனான்.

"கொஞ்சம் நவுரு சார்!" என்று காந்திமதி புகுந்தாள். முதலில் பட்டனைப் பார் என்பது வகுப்பில் முதல் பாடம். பவர் பட்டனை அசையவிடாமல் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. தாலிக்கொடியிலிருந்த ஊக்கை எடுத்துச் சுரண்டிவிட்டு அமுக்கினாள். திரை பளிச்சென்று எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சூப்பர்க்கா! எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றான் பிரணவ்.

சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"பூஜையன்னிக்கு அங்க பொட்டு வெச்சதே நான்தான சார்!"