அட்வான்ஸ் டாக்ஸும் யானை வேலியும்

ஓசூர்ல வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்க உட்கார்ந்தா, ஜூலை மாசம் சோறு ஆறிப்போகும், அடுத்தவங்க பண்ற கூத்துக்கெல்லாம் நம்ம தலை உருளும். வரி கட்டுற உங்களுக்கும் இந்த வலி தெரியும்ங்கிற தைரியத்துல சொல்றேன்.

பாலிசி உடைஞ்ச கதை

தேன்கனிக்கோட்டை திம்மராயப்பா அண்ணா கம்பெனியில லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இப்போ வரிசையா கட்டி விட்டிருக்கிற லைன் வீட்டுல வர்ற வாடகையும், காட்டோரம் கொஞ்சம் ராகி நிலமும்தான் வருமானம். கதிர் பிடிக்கிற நேரமாப் பார்த்து யானை வந்து மேய்ஞ்சிட்டுப் போயிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், வருஷா வருஷம் வரிச்சலுகை வாங்கிக் கட்டின பென்ஷன் பாலிசியை உடைச்சு, சோலார் வேலி போட இறங்கிட்டாரு.

அப்படி உடைச்சா வந்த பணம் மொத்தமும் அந்த வருஷ வருமானம். வருஷம் முடியறதுக்குள்ள தவணை தவணையா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும், இல்லாட்டி வட்டி. அண்ணா ஒரு தவணையும் கட்டலைங்கிறதே, ஜூலையில கணக்குப் போட வந்தப்போதான் எனக்குத் தெரியும். "ஏண்ணா, எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"ன்னு கத்தினேன். மனுஷன் அசரவே இல்லை. "யானை என்ன அட்வான்ஸா சொல்லிட்டா மேடம் வருது?"

பேட்டரி இல்லாத வேலி

வரிக்கான பணத்தை எடுத்து வெச்சிருந்தாரு, அந்த மட்டுக்கும் புண்ணியம். வட்டிக்குத்தான் வழியில்லை. கம்பி இழுத்தாச்சு, பேட்டரிதான் பாக்கி. கையில இருந்தது அதுக்கான காசு. அதை வட்டிக்குக் கொடுத்தா இந்த வருஷ ராகியும் யானைக்குத்தான். கூட வந்த அவர் சம்சாரம் ரத்னம்மா அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "கரண்ட் இல்லாத கம்பியில நான் துணி காயப்போடறேன், யானை முதுகு சொறிஞ்சுக்கட்டும்!"

ஒரே ஒரு நாள்

அறுபது வயசு ஆனவங்களுக்கு, வியாபார வருமானம் இல்லாட்டி, அட்வான்ஸ் டாக்ஸே கிடையாது. அண்ணாவுக்கு வியாபாரம் ஏது? ஆவலா ஆதாரை வாங்கிப் பார்த்தேன். ஏப்ரல் ஒண்ணு! பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்தபடி போட்ட தேதியாம். முட்டாள் தினத்துல பிறந்தவன்னு ஷிப்டு முழுக்க ஓட்டுவாங்களாம். கணக்கு வருஷம் மார்ச் முப்பத்தொண்ணோட முடிஞ்சுது, அண்ணாவுக்கு அறுபது மறுநாள். அடக் கடவுளே! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்புறம்தான் பொறி தட்டுச்சு. ஏப்ரல் ஒண்ணுல பிறந்தவங்களுக்கு முந்தின நாளே வயசு நிறைஞ்சதா எடுத்துக்கணும்னு வரித் துறையே விளக்கம் கொடுத்திருக்கு. அப்போ அந்த வருஷத்துலயே அண்ணாவுக்கு அறுபது. வட்டி இல்லை! நாற்காலியை விட்டு எழுந்து கூவிட்டேன். அண்ணா வாய்விட்டுச் சிரிச்சாரு. அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "இவரை முட்டாள்னு சொன்னவனுங்க அத்தனை பேரையும் கூப்புடுங்க, அறுவடை முடிஞ்சதும் நானே களி கிண்டிப் போடறேன்!"

அன்னைக்கு அந்த வாத்தியார் மட்டும் ஏப்ரல் ரெண்டுன்னு எழுதியிருந்தா, ராகி யானைக்கும் வசவு எனக்கும் வந்து சேர்ந்திருக்கும்.