பெட்டிக்கு ஒரு வில்லன்

அன்று காலை நான் முதலில் கவனித்தது பந்துகளை. கடைக்கு முன்னால் வலைப்பைகளில் தொங்கும் பந்துகள் அன்று ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே தொங்கின. எந்தப் பிள்ளையின் கையும் எட்டாது. என்னோடு வேலை செய்யும் சரோஜா அக்கா அப்படிக் கட்டமாட்டார். பிள்ளை தொட்டு இழுத்தால்தான் அம்மா நிற்பாள் என்பது அவருடைய கணக்கு.

உள்ளே முதலாளி ஹமீது நானா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். "சரோஜா தவறிப்போச்சும்மா. விடியக்காலையில மூச்சு முட்டியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சாம்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிறாரோ, அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டு இப்படிச் சொல்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்த பிறகே நம்பினேன். அக்கா என் இடத்தில் இருந்திருந்தால் அவரும் முதலில் சந்தேகப்பட்டுத்தான் இருப்பார்.

லுக்குட் ஊரில் எங்கள் பொம்மைக் கடைக்கு வந்து போன எல்லாருக்கும் அவரைத் தெரியும். கல்லாவுக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிள்ளைகளின் சட்டைப் பையைப் பார்ப்பார். கடைக்குள் நுழையும் பூனையைக்கூட வெளியே போகும்போது ஒரு பார்வை பார்ப்பார். நான் பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வீட்டுக்குக் கிளம்பும்போது என் பையைத் திறந்து காட்டச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். அவற்றைப் பார்த்து முடித்துவிட்டு, தன் பையையும் என் முன்னால் கவிழ்த்தார். சீப்பு, மாத்திரை, பாதி தின்ற ரொட்டி எல்லாம் விழுந்தன. "நீயும் பாத்துக்க. என்ன மட்டும் நம்பணும்னு யாரு சொன்னா?" என்றார். தினமும் அப்படித்தான் நடந்தது.

எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படும் பொம்மை எது என்றால் வில்லன். கடையில் இல்லாததும் அதுதான். ஹீரோக்கள் அலமாரி முழுக்க நிற்பார்கள், தூசு படிந்துகூட நிற்பார்கள். வில்லனைக் கேட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், மீசை முளைத்த ஆண்களும் வருவார்கள். சிரம்பானிலிருந்து பெரிய மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருவார். பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால்கூட வேண்டாம் என்பார். வீட்டில் கண்ணாடிக்குள் அடுக்கி வைப்பவர். "பின்னால ஒளிச்சு வெச்சிருக்கீங்கதானே? விலை ஏறினதும் எடுப்பீங்க" என்று எங்களைக் கேட்பார். அக்காவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். தன்னைப்போல் ஓர் ஆள் என்று நினைத்தாரோ என்னவோ. "வாங்க தம்பி, வந்து ஸ்டோர நீங்களே பாருங்க" என்று கதவைத் திறந்துவிடுவார்.

ஏன் கிடைப்பதில்லை என்று நானும் ஒரு நாள் அவரிடம் கேட்டேன். சரக்கு வரும் அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில், உள்ளே இருப்பவர்களின் படம் அச்சிட்டிருக்கும். அவர் அதைக் காட்டினார். சிவப்பு உடைக்காரன், நீல உடைக்காரன், இறக்கை வைத்த பெண் எல்லாரும் திரும்பத் திரும்ப வரிசையாக நின்றார்கள். ஓரத்தில், கொம்பும் ஊதா முகமுமாக ஒரே ஒருவன். "கம்பெனிக்காரன் பெட்டிக்கு ஒருத்தனத்தான் போடுறான். புள்ள கேக்குறது கெட்டவன. காசு குடுக்குறது அம்மா. அம்மா கை நல்லவன்கிட்டதான் போகும். அது அவனுக்குத் தெரியும்" என்றார்.

அதை என் கண்ணாலும் பார்த்தேன். லாபு ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார். பையன் எப்படியோ கொம்பு வைத்தவனைக் கண்டுபிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "இந்த மூஞ்சிய வீட்டுல வெச்சா யாருக்கு சோறு இறங்கும்? வைடா" என்று அந்த அம்மா பிடுங்கி வைத்துவிட்டு, சிவப்பு உடைக்காரனை வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அதே பையன் அப்பாவோடு திரும்பி வந்தான். கையிலிருந்த சிவப்பு உடைக்காரனின் முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசியிருந்தது.

"என்னாய்யா இது?" என்றார் அக்கா.

"இவன் இப்ப கெட்டவன். இவன அடிக்க ஒருத்தன் வேணும்" என்றான் பையன்.

அப்பா இன்னொரு சிவப்பு உடைக்காரனை வாங்கிப் போனார். அக்கா சிரிக்கவில்லை. "பாத்தியா, நல்லவனையே ரெண்டு தடவ வித்துட்டான். கம்பெனிக்காரன் லேசுப்பட்டவன் இல்ல" என்றார்.

பெட்டிக்கு ஒருவன் என்பது போய், பெட்டிக்கு ஒருவன்கூட இல்லை என்று ஆனபோதுதான் தொல்லை தொடங்கியது. படத்தில் இருப்பான், திறந்தால் இருக்கமாட்டான். அவன் இடத்தில் ஒரு குழி மட்டும் இருக்கும். ஒருமுறை என்றால் விட்டுவிடலாம், அடுத்தடுத்து அப்படியே வந்தது. நானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெட்டிய ஒடைக்கிறது நீங்க ரெண்டு பேருதான். நான் யாரையும் சொல்லல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஒருத்தர நிறுத்திடுவேன்" என்றார்.

நிறுத்தினால் என்னைத்தான் நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும். அக்கா அங்கே பல வருடங்களாக இருப்பவர். எனக்குப் படிப்பும் இல்லை, புதிய ஆட்களிடம் பேசவும் வராது. திருடி என்ற பேரோடு லுக்குட்டில் வேறு எந்தக் கடை வாசலில் போய் நிற்பேன்? நான் எடுக்கவில்லை. அப்படியானால் எடுத்தது அக்கா. என் கணக்கு அவ்வளவுதான். அவர் கணக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும். அதன் பிறகு அவர் பெட்டியின் டேப்பைக் கிழிக்கும்போது நான் அவருடைய விரல்களைப் பார்ப்பேன். நான் கிழிக்கும்போது அவர் என்னுடையதைப் பார்ப்பார். சாயங்காலம் பையைக் கவிழ்க்கும்போது இருவரும் உள்துணியைக்கூட உதறிக் காட்டினோம். பேச்சு குறைந்துவிட்டது.

சிரம்பானில் இருக்கும் மொத்த வியாபாரக் கடையிலிருந்து சரக்கை லோரியில் கொண்டு வருவது அக்காவின் தம்பி முருகையா அண்ணன். சரக்கு வரும் நாட்களில் அக்கா அந்த லோரியிலேயே வீட்டுக்குப் போவார். ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லோரியைச் சுற்றி வந்தபோது, முன்பக்கக் கம்பியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குவதைப் பார்த்தேன். அவற்றுக்கு நடுவில், கம்பியால் கட்டப்பட்டு, கொம்பு வைத்த ஊதா முகக்காரன் எங்கள் கடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியோடு பிணைக்கும் பிளாஸ்டிக் முடிச்சு இன்னும் அவன் இடுப்பில் இருந்தது.

உள்ளே போய் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, லோரி முன்னால பாத்தீங்களா?"

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

"யாருடா இது?"

"திருஷ்டிக்கு லா, அக்கா" என்றார் முருகையா அண்ணன். கொஞ்சம்கூட மறைக்கவில்லை. "கறுப்புப் பொம்மைய எல்லாரும்தான் கட்டுறான். இவனுக்குக் கொம்பு இருக்கு, பல்லு இருக்கு. கூட்டாளிங்க பாத்துட்டு எனக்கும் எனக்கும்னு கேட்டானுங்க. லாபு பக்கம் செம்பனைக் குலை ஏத்துற லோரியில எல்லாம் இவன்தான் உக்காந்திருக்கான்."

"பெட்டியப் பிரிச்சு எடுத்தியா?"

"பெட்டிக்கு ஒண்ணுதானே, எடுத்துட்டு டேப்பத் திரும்ப ஒட்டிட்டேன். அந்த மூஞ்சிய எந்த அம்மா வாங்கப் போறா? கெட்டவன்தானே லா, ஒரு மூலையில கிடக்கப் போறான்."

அக்கா கம்பியை முறுக்கிப் பிரித்தார். விரலில் கீறி இரத்தம் வந்தது. பொம்மையைக் கொண்டுவந்து நானாவின் மேசைமேல் நிற்க வைத்தார். "பெட்டி நம்ம கடைக்கு வர்றதுக்கு முன்னாலேயே கொறையுது. எடுக்குறது என் தம்பி. இந்தப் புள்ளை இல்ல" என்றார். நானா பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மொத்தக் கடையில் முருகையா அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் செம்பனை லோரி ஓட்டப் போனார். அக்காவோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டார். அக்கா பஸ்ஸில் போகத் தொடங்கினார்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது. அந்த லோரியில் ஏறி இறங்கியவர் அவர். என் கண்ணில் பட்டது அவர் கண்ணில் படாமல் இருக்குமா? ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தம்வரை அவரோடு நடந்தேன். பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் பக்கத்தில் நின்றேன்.

"கேக்கணும்னா கேளு நளினி. மூஞ்சியில எழுதியிருக்கு" என்றார்.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா அக்கா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாத்தேன். பாசார் கடையில வாங்கியிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன். நீ எடுத்திருந்தா நல்லா இருக்கும்னுகூட நெனச்சேன். நீ என் தம்பி இல்ல பாரு."

அதற்குப் பிறகு பல நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. கோபம் இருந்தது. ஆனால் என்னைப் பற்றி நினைத்ததை இப்படி என்னிடமே சொன்னவர் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டு பையைத்தான் பார்ப்பார்கள்.

சாவு வீட்டில் ஒரு பெரியவர், "எல்லாரையும் நம்புற மனசு அவளுக்கு" என்று சொல்லி அழுதார். அவர் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார் என்று தோன்றியது. முருகையா அண்ணன் வேலி ஓரமாக நின்றிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "அக்கா இன்னும் கோவமாத்தான் இருந்துச்சா? உன்கிட்ட ஏதாச்சும் சொன்னிச்சா?" என்று கேட்டார். அவருக்கு நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லாததை எப்படிச் சொல்வது? "ஒண்ணும் சொல்லலண்ணே. கடைசிவரைக்கும் பஸ்ஸுலதான் போனாங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அன்பு என்று எழுதினால் அவரே நம்பமாட்டார். ஒருவர்மேல் சந்தேகம் வந்தால், அவர் பார்க்கும்படியே சந்தேகப்பட வேண்டும். மறைந்து நின்று பார்க்கக்கூடாது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.

இந்த வாரம் அக்காவின் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். மந்தின் ஊரிலிருந்து வருகிறாள், என்னைவிடக் குறைவாகப் பேசுகிறாள். சரக்கு வந்து இறங்கியதும் நானா என்னை மட்டும் கூப்பிட்டார். "பெட்டி ஒடைக்கும்போது அவமேல ஒரு கண்ணு வெச்சுக்க. அவளுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

நான் பெட்டியை ஸ்டோருக்கு எடுத்துப் போகவில்லை. நானாவின் மேசைமேல் வைத்தேன். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். "நானா, இனிமே நீங்களே வெட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் பாக்குறோம்" என்று சொல்லி, கத்தியை அவர் கையில் கொடுத்தேன்.